எண்ணெயில் ஊறாத தக்கை

சுதாவுக்கு அந்த டிராக்டரின் மேல்பக்கத்தைவிட அடிப்பக்கம்தான் பழக்கம். ஸ்டியரிங்கைத் தொட்டு ஓட்டியதில்லை, ஓட்ட ஆசைப்பட்டதும் இல்லை. போர்ட் பிளேருக்குப் பக்கத்தில், சௌல்தாரியில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அங்கே வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் புருஷன் விஜயன் மல்லாந்து படுக்கும்போதெல்லாம் இவள் பக்கத்தில் குந்திக்கொள்வாள். ஒரு கையில் டார்ச், மடியில் ஸ்பேனர்கள். "பத்தொம்போது" என்று உள்ளேயிருந்து குரல் வரும். சொன்ன வாய் மூடுவதற்குள் அது அவன் உள்ளங்கையில் இருக்கும்.

பக்கத்து நிலத்துக்காரன் கௌதம் அந்த வழியாகப் போனால் கொட்டகைக்குள் எட்டிப் பார்ப்பான். "டாக்டர் சாப், நர்ஸ் பௌதி, ஆபரேஷன் எப்படிப் போவுது? பேஷன்ட் பிழைக்குமா?" பௌதி என்றால் வங்காள மொழியில் அண்ணி, தாதா என்றால் அண்ணன்.

"பேஷன்ட் பிழைச்சுக்கும் தாதா. நீங்க வெளிய நில்லுங்க, இங்க விசிட்டருக்கு எடமில்ல" என்பாள் சுதா. வண்டிக்கு அடியில் விஜயன் சிரிப்பான். முகம் தெரியாது. வயிறு குலுங்குவது மட்டும் தெரியும்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. இருவருமே கச்சால் தீவில் பிறந்தவர்கள். சிலோன் தேயிலை மலையிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டு, ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்களின் பிள்ளைகள். விஜயனின் அப்பா அழகையா கடைசிவரை ரப்பர் மரம் கீறியவர். மகனுக்கு அந்தப் பாலின் நாற்றம் ஒத்துக்கொள்ளவில்லை. படகுத்துறைப் பக்கம் போய் டிங்கி என்கிற சின்னப் படகுகளுக்கு என்ஜின் பார்க்கக் கற்றுக்கொண்டான். டிங்கியின் அடிப்பலகை இற்றால் மாற்றுவான், இடுக்கில் பஞ்சு அடைப்பான். கடல் ஏறி வந்த வருஷம் கச்சாலில் எல்லாம் போயிற்று. உடுத்திய துணியோடு இருவரும் சௌல்தாரிக்கு வந்தார்கள். சில வருஷங்கள் அங்கும் இங்கும் கூலி வேலை. பிறகு ஒரு கான்ட்ராக்டர் ஓட்டித் தேய்த்துப் போட்டிருந்த சிவப்பு டிராக்டர் இவர்கள் கைக்கு வந்தது. மழைக்காலத்தில் சேற்றுழவு, மற்ற நாட்களில் மணல், விறகு, கோடையில் வீடு வீடாகத் தண்ணீர் டேங்கர் என்று அந்த வண்டிதான் சோறு போட்டது.

ஆனால் விஜயன் மனசளவில் டிங்கிக்காரனாகவே இருந்தான். வண்டியைக் கொட்டகையில் விட்டதும் பின்னச்சில் ஒரு கயிற்றைச் சுற்றித் தூணோடு கட்டுவான். "ஏங்க, இது அலையில அடிச்சிட்டா போயிரப் போவுது?" என்று சுதா கேட்டால், "கட்டாம விட்டா எனக்குத் தூக்கம் வராது" என்பான். எங்காவது ஒரு சொட்டு ஒழுகினாலும் அவனுக்குப் பொறுக்காது. கரையில் இருக்கிறவனுக்கு ஒழுக்கு என்பது கறை. படகில் இருக்கிறவனுக்கு அது வேறு.

அந்தக் குணம்தான் அவனை மாட்டிவிட்டது. கோடையில், தண்ணீர் டேங்கர் ஓய்வில்லாமல் ஓடிய நாட்களில், கியர்பாக்ஸின் அடியில் எண்ணெய் வடிக்கிற பிளக்கின் ஓரத்தில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. பழைய வண்டிக்கு அதெல்லாம் சகஜம். இவன் ஸ்பேனரைப் போட்டு இறுக்கினான். மறுநாள் மறுபடியும் சொட்டு. ஸ்பேனரின் வாலில் ஒரு இரும்புக் குழாயைச் சொருகி, இரண்டு காலையும் சக்கரத்தில் உதைத்துக்கொண்டு இழுத்தான். எதுவோ உள்ளே மெல்ல விட்டுக்கொடுத்தது. அதற்குப் பிறகு பிளக் எந்தப் பக்கம் திருப்பினாலும் சும்மா சுற்றியது. துளைக்குள் இருந்த திருகு மரை முழுக்க வழித்துக்கொண்டு போய்விட்டது.

"போச்சு" என்றான் விஜயன்.

அதைச் சரிசெய்யத் தெரிந்த லேத்துக்காரர் ஒருவர் போர்ட் பிளேரில் குட்வில் எஸ்டேட்டில் இருந்தார். போய்க் கேட்டால், ஆள் மெயின்லேண்ட் போயிருக்கிறார், அடுத்த ஜஹாஸில் வருவார் என்றார்கள். தீவில் கப்பலுக்கு ஜஹாஸ் என்றுதான் பேர். அடுத்த ஜஹாஸ் கேன்சல் ஆனது. அதற்கடுத்ததில் டிக்கெட் இல்லை. இங்கே கிணறுகள் வற்றிக் குடங்கள் வரிசையில் நின்றன. விஜயன் கொட்டகையில் உட்கார்ந்து ஒரு படாக் மரத்துண்டைச் சீவினான். ஒரு முனை பெருத்து ஒரு முனை சிறுத்த தக்கை. டிங்கியைக் கரையேற்றினால் மழைத் தண்ணீர் வடிய அடியில் ஒரு துளை இருக்கும். கடலில் இறக்குமுன் அந்தத் துளையை இப்படி ஒரு தக்கையால்தான் அடைப்பார்கள். தண்ணீரில் ஊற ஊற மரம் உப்பி இறுகிவிடும். பிறகு சுத்தியல் கொண்டு தட்டினால்தான் வரும்.

சுதா பஞ்சு பிரித்துக் கொடுத்தாள். அவன் அதைத் தக்கையைச் சுற்றி வரிந்து துளைக்குள் அடித்து ஏற்றினான்.

"ஏங்க, தண்ணியில ஊறும் சரி. எண்ணெயில ஊறுமா?"

"ஈரம்னா ஈரம்தான். அந்த லேத்துக்காரரு வர்ற வரைக்கும்தானே."

எண்ணெயில் ஊறவில்லை. வண்டி ஓடிச் சூடேறும்போது மரம் காய்ந்து சுருங்கியது. ஆனால் விஜயன் விடவில்லை. தினமும் காலையில் தக்கையைத் தட்டி இறுக்குவான், குறைந்த எண்ணெயை ஊற்றுவான், தரையில் வடிந்ததன்மேல் நெல் உமியைத் தூவுவான். அப்படியே கோடை கழிந்தது.

மழை தொடங்கிய வாரத்தில், கௌதமின் நிலத்துக் கால்வாயில் அடைத்திருந்த குப்பையை வாரிவிட விஜயனும் இறங்கினான். காலில் ஒரு சிராய்ப்பு இருந்தது. சில நாளில் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தான். கண்கள் சிவந்து, இருமலில் ரத்தம் வந்தபிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலிக்காய்ச்சல், நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார் டாக்டர். போன ஆள் திரும்பி வந்தது வெள்ளைத் துணியில்தான்.

டிராக்டர்காரனை அவன் வண்டியிலேயே கொண்டுபோக வேண்டும் என்று அந்தத் தெருவில் எல்லோரும் ஒரே குரலாகச் சொன்னார்கள். டிரெய்லரைக் கழுவி வாழைக்கன்று கட்டினார்கள். முதலில் விறகு போய் இறங்கியது. பிறகு விஜயன் போனான். மேளக்காரர்கள் முன்னால் நடக்க, அவர்கள் நடைக்குச் சரியாக, ஆகக் குறைந்த கியரில், கௌதம் அழுதுகொண்டே ஓட்டினான். தெருக்காரர்கள் வந்து சாவி கேட்டபோது சுதாதான் எடுத்துக் கொடுத்தாள். தக்கையைப் பற்றிய நினைவு அவளுக்கு அன்று இல்லை. அன்று அவளுக்கு எந்த நினைவும் இல்லை.

கருமாதி முடிந்த மறுநாள் விஜயனின் அண்ணன் நந்தகுமார் கூடத்தில் உட்கார்ந்து பேச்சை எடுத்தார். அவர் போர்ட் பிளேரில் பத்துபஸ்தியில் வீடு கட்டிக் குடியிருப்பவர், அரசாங்க அலுவலகத்தில் ஊழியர், நல்ல மனுஷர். அதுதான் சுதாவுக்குக் கஷ்டமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் முறைத்துக்கொண்டு எழுந்து போயிருப்பாள்.

"பின்னால ரூம் சும்மாதாம்மா கெடக்குது. உங்கக்காவுக்கும் முட்டி வலி, ஒத்தையில அல்லாடுறா. நீ வந்தா அவளுக்கும் ஒத்தாசை."

அக்கா என்றது அவர் மனைவி ஷோபனாவை. அந்தப் பின்னறையை சுதாவுக்குத் தெரியும். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், பழைய கட்டிலும் அரிசி மூட்டையும் கிடக்கிற அறை. விமானம் இறங்கும்போது ஜன்னல் கண்ணாடி நடுங்கும். அங்கே யாரும் அவளை அடிக்கப் போவதில்லை, வையப் போவதில்லை. காலையில் யாருக்கு என்ன டிபன் என்பதில் தொடங்கி இரவு கடைசிப் பாத்திரத்தில் முடியும். பண்டிகைக்கு ஒரு சேலை கிடைக்கும். செத்துப்போனால் நன்றாகவே எடுத்துப்போடுவார்கள்.

"ஒரு சீசன் பாக்குறேனே அத்தான். வண்டி இருக்குது. கௌதம் தாதா ஓட்டித் தாரேங்கிறாரு."

நந்தகுமார் எழுந்து வாசல்வரை போய் வண்டியைப் பார்த்தார். "சரி. நடவு முடியட்டும். வண்டி ஓடுச்சுன்னா இங்கயே இரு, நான் வாயத் தொறக்க மாட்டேன். ஓடலைன்னா மறுபேச்சு கூடாது. பொம்பளைய ஒத்தையில விட்டுட்டு நான் அங்க எப்படிம்மா தூங்குவேன்?"

சுதா தலையாட்டினாள். ஓடினால் சௌல்தாரி, ஓடாவிட்டால் பத்துபஸ்தி. அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

ஆனி மழை நின்று பெய்தது. மூன்று பேர் உழவுக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். கௌதம் காலையிலேயே வந்து டிரெய்லரைக் கழற்றிவிட்டு, சேறு கலக்கும் ரொட்டாவேட்டரை வண்டியின் பின்னால் மாட்டினான். என்ஜின் முதல் அடியிலேயே பிடித்தது. அவன் லிவரை இழுத்தான். ரொட்டாவேட்டரைத் தூக்க வேண்டிய கைகள் அசையவில்லை. மறுபடி இழுத்தான். அசையவில்லை.

"அரே, இதுக்கு என்னா ஆச்சு?"

அந்த வண்டியில் பின்கைகளைத் தூக்குவதும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் எண்ணெய்தான். சுதா அளவுக்கம்பியை உருவிப் பார்த்தாள். துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்தாள். கம்பி காய்ந்து இருந்தது. அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. மண்டியிட்டு வண்டிக்கு அடியில் டார்ச்சை அடித்தாள். தக்கை பாதி வெளியே வந்து, பஞ்சு வால்போல் தொங்க, கோணலாக நின்றது. கீழே உமி முழுவதும் கறுத்து ஊறிக் கிடந்தது. அவன் காய்ச்சலில் படுத்த நாளிலிருந்து அதைத் தட்டி இறுக்க ஆள் இல்லை.

அவள் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கேட்டாள். "தாதா, அன்னிக்கு ஓட்டுனீங்களே. சத்தம் ஏதாச்சும் வந்துச்சா?"

கௌதமுக்கு என்றைக்கு என்று கேட்கத் தோன்றவில்லை. டிரெய்லரை இழுப்பதற்குப் பின்கைகள் வேண்டியதில்லை. அதனால் அன்று யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

"மேளம் அடிச்சாங்க பௌதி" என்றான். "பட்டாசு போட்டாங்க. நான் என்னாத்த கேப்பேன்? விறகு ஒரு டிரிப், அப்புறம் விஜயன் பாய், அப்புறம் திரும்பி..." முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். "க்யா கியா மைனே... என்னா செஞ்சுட்டேன் நான்? சொட்டு எண்ணெய் இல்லாமலா ஓட்டினேன்?"

"சாவி நான்தானே கொடுத்தேன்" என்றாள் சுதா.

மறுநாள், சும்மா சுற்றிய அந்தப் பழைய பிளக்கையும் தக்கையையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். லேத்துக்காரர் ராஜமாணிக்கம் ஊர் திரும்பியிருந்தார். ராமநாதபுரத்துக்காரர். கப்பல் பட்டறையில் டர்னராக இருந்து ரிட்டயரானவர். குட்வில் எஸ்டேட்டில் தன் வீட்டுக் கார்ஷெட்டில் ஒரு சின்ன லேத் போட்டிருந்தார். சுதா இரண்டையும் பெஞ்சின்மேல் வைத்து விஷயத்தைச் சொல்லத் தொடங்குமுன்னே அவர் தக்கையை எடுத்துவிட்டார்.

"இது என்னத்தா இது, டிராக்டரா கப்பலா? கியர்பாக்ஸுக்குக் கட்டை அடிச்ச மகராசன் யாரு? நங்கூரமும் போட்டு வச்சிருக்கானா?"

"எங்க வீட்டுக்காரருங்க."

"கூட்டியா அவனை. நாலு வார்த்தை நாக்கைப் புடுங்குற மாதிரி கேக்கணும்."

"இல்லைங்க. போன மாசம் தவறிட்டாருங்க."

ராஜமாணிக்கம் தக்கையைப் பெஞ்சில் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார். கொஞ்ச நேரம் லேத்தின் மேல் இருந்த இரும்புச் சுருளை விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். "மனசுல வச்சுக்காதத்தா. என் வாய் இந்த மிஷின் மாதிரி. முன்னால யாரு நிக்கிறான்னு பாக்காது." பிறகு கேட்டார். "சித்திரையில என்னைத் தேடி வந்தானோ?"

"வந்தாருங்க. நீங்க மெயின்லேண்ட்ல இருந்தீங்க."

"பேத்திக்குக் காதுகுத்து. போனவன் டிக்கெட் கெடைக்காம மெட்ராஸ்ல கெடந்தேன்." அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. பிளக்கை எடுத்து அளந்தார். "மரை வெட்டுறது பெரிய வேலையில்ல. துளையை ஒரு சைஸ் பெருசா டிரில் பண்ணி, புது மரை வெட்டணும். அதுக்குத் தக்கன பெரிய பிளக்கு நான் கடைஞ்சு தாரேன். நானே வந்து செஞ்சிருவேன், முட்டி மடங்காது, வண்டிக்கு அடியில படுத்தேன்னா கிரேன் வச்சுத்தான் எடுக்கணும். டிரில்லும், மரை வெட்டுற டாப்பும் தாரேன், ஆளைப் புடிச்சு செஞ்சுக்க. ஆனா ஓட்டை இல்லத்தா உன் பிரச்சனை."

"தெரியுமுங்க."

"வறட்சியா எம்புட்டுத் தூரம் ஓடுச்சு?"

அவள் சொன்னாள். எதற்காக ஓடியது என்பதையும் சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "உள்ள பேரிங்கு வெந்திருக்கும். வேகாமலும் இருக்கலாம். பிரிச்சுப் பாக்காம ஓட்டாத."

"பிரிச்சா?"

"பிரிச்சா சாமான் மெட்ராஸ்லேர்ந்து வரணும். ஜஹாஸ்ல ஏத்துறதும் நம்ம கையில இல்ல, எறக்குறதும் நம்ம கையில இல்ல. ஆவணி ஆயிரும்."

"ஆவணியில யாருங்க உழுவா?"

"அது உன் கணக்குத்தா. நான் இரும்போட கணக்கைச் சொன்னேன்."

பஸ்ஸில் திரும்பும்போது மடியில் பை கனத்தது. பிரித்தால் சீசன் போகும். சீசன் போனால் இந்த மூன்று பேரும் வேறு வண்டியைப் பார்ப்பார்கள். அடுத்த வருஷம் அதே வண்டிக்குத்தான் போவார்கள். அத்தானிடம் தவணை கேட்கலாம். அவர் கொடுப்பார். கொடுத்துவிட்டு, ராத்திரி தூங்காமல் விடிந்ததும் வந்து நிற்பார். பிரிக்காமல் ஓட்டினால், ஓடலாம். ஓடலாம் என்ற வார்த்தையைத்தான் அவள் சௌல்தாரிவரை பிடித்துக்கொண்டு வந்தாள்.

வண்டிக்கு அடியில் கௌதம் நுழைய முடியவில்லை. ஆள் அகலம். நுழைந்தாலும் அவன் கை அந்தக் கியர் பெட்டியைத் தொட மறுத்தது. "நீங்க சொல்லுங்க பௌதி, நான் டார்ச் புடிக்கிறேன்" என்றான். சுதா சேலையை வரிந்து கட்டி, அதன்மேல் விஜயனின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, சாக்கில் மல்லாந்து படுத்தாள். முதல்முறையாக அந்த இடத்திலிருந்து வண்டியைப் பார்த்தாள். இத்தனை காலம் அவன் பார்த்துக்கொண்டிருந்தது இந்தக் கறுத்த இரும்பு வயிற்றைத்தான்.

மேலேயிருந்து டீசலை ஊற்றி உள்ளே அலசி வடித்தாள். டிரில்லை நெஞ்சில் முட்டுக்கொடுத்து நேராக ஏற்றினாள். சாய்ந்தால் போச்சு. பிறகு டாப். அதன் பள்ளங்களில் கிரீஸை அப்பினாள், வெட்டுத்தூள் உள்ளே போகாமல் அதில் ஒட்டிக்கொள்ளும். ஒரு சுற்று முன்னே, அரைச்சுற்று பின்னே. விஜயன் மற்ற வேலைகளில் இதைச் செய்யும்போது அவன் முழங்கை போய்வந்த விதம் அவளுக்குத் தெரியும். அதையே செய்தாள். இரும்பு முதலில் முரண்டியது, பிறகு ஒத்துக்கொண்டது. கறுப்புப் பொடி கிரீஸோடு குழைந்து வந்தது. துடைத்துத் துடைத்து வெட்டினாள். கழுத்து மரத்துப்போனது. கண்ணில் டீசல் விழுந்தபோது கௌதம் துண்டின் நுனியை நீட்டினான்.

கடைசியில், உள்ளே தங்கியதை எடுக்க, கம்பியில் ஒரு காந்தத்தைக் கட்டித் துளைக்குள் விட்டுத் துழாவினாள். காந்தம் கறுப்புப் பொடியோடு வந்தது. அது அவள் வெட்டியது. மறுபடி விட்டாள். இந்தத் தடவை பொடியின் நடுவே மீன் செதில்போல ஒன்று ஒட்டியிருந்தது. மெலிசாக, வெள்ளையாக, ஒரு ஓரம் நீலம் பாரித்து. பெட்டியின் வார்ப்பிரும்பு அப்படி உரியாது. அது பேரிங்கிலிருந்து வந்தது.

"என்னா வந்துச்சு பௌதி?" என்றான் கௌதம்.

அவள் அதை அவனிடம் காட்டலாம். காட்டினால் அவன் ஏற மாட்டான். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது.

"பொடிதான் தாதா" என்றாள். செதிலைச் சட்டையில் துடைத்தாள்.

புதுப் பிளக் கையாலேயே முழுக்க ஏறியது. கடைசியில் ஸ்பேனரால் ஒரு சின்ன இழுப்பு. அதற்குமேல் அவள் தொடவில்லை. எண்ணெய் ஊற்றி, அடியில் ஒரு பேப்பரை விரித்து வைத்தார்கள். காலையில் பேப்பர் வெள்ளையாகவே இருந்தது. லிவரை இழுத்ததும் ரொட்டாவேட்டர் எழும்பியது. கௌதம் சீட்டிலிருந்து இரண்டு கையையும் மேலே தூக்கி, "பேஷன்ட் பச் கயா! பொழைச்சிருச்சு!" என்று கத்தினான். பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் வந்து பார்த்தார்கள். சுதாவும் சிரித்தாள்.

முதலில் மற்ற மூன்று பேரின் நிலம். கௌதம் தன்னுடையதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டான். இரண்டு நிலம் நல்லபடியாக முடிந்தது. மூன்றாவதில் ஒரு முனகல் தொடங்கியது. வரப்பில் நின்ற சுதாவுக்கு அது முதலில் கேட்டது. கொசு காதருகே பறப்பதுபோல இருந்து, வேகம் எடுக்கும்போது மெலிந்து, பாரம் ஏறும்போது தடித்தது. கௌதமும் கேட்டிருக்க வேண்டும். வரப்போரம் வந்தபோதெல்லாம் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கையை முன்னால் அசைத்தாள். போங்க.

அந்த நிலமும் முடிந்தது. அன்று மாலை அவன் சொன்னான். "பௌதி, அந்த சத்தம் நல்லா இல்ல. என் நிலம் இருக்கட்டும். மாடு வச்சு நான் பாத்துக்குறேன்."

"உங்க நிலத்துல நிறுத்துனா ஊர்ல என்னா பேசுவாங்க தாதா? வண்டி போச்சுன்னு நாளைக்கே பத்துபஸ்திக்குச் சேதி போயிரும். இன்னும் ஒரு நாள்தானே. முடிச்சிட்டுப் பிரிச்சிருவோம்."

அவன் தலையைச் சொறிந்தான். "டீக் ஹை, சரி" என்றான்.

மறுநாள் கௌதமின் நிலத்தில், பாதிக்கு மேல் கலக்கி முடித்த நேரம். முனகல் திடீரென்று நின்றது. நின்ற அடுத்த நொடி, மூடிய பெட்டிக்குள் பாறை உருண்டதுபோல ஒரு சத்தம். வண்டி குலுங்கி, என்ஜின் அணைந்து, பின்சக்கரங்கள் இரண்டும் பூட்டிக்கொண்டன. மழைச் சத்தம் மட்டும் இருந்தது. கௌதம் கியரை அசைத்துப் பார்த்தான். அது எந்தப் பக்கமும் போகவில்லை. அவன் ஸ்டியரிங்கின்மேல் தலையை வைத்துக்கொண்டான்.

சுதா வரப்பிலிருந்து இறங்கவில்லை. அந்தச் செதிலைக் காட்டியிருந்தால் வண்டி கொட்டகையிலாவது நின்றிருக்கும் என்று நினைத்தாள். கொட்டகையில் நிற்கிற வண்டிக்கு வாடகை யார் கொடுப்பார்கள் என்றும் நினைத்தாள்.

இழுக்க வழி இல்லை. பூட்டிய சக்கரத்தோடு சேற்றில் புதைந்த வண்டியைக் கிளப்ப ஜேசிபிதான் வேண்டும். அது அந்தச் சேற்றில் இறங்கினால் அதையும் கிளப்ப இன்னொன்று வேண்டும். அறுவடை முடிந்து தரை காயட்டும் என்றார்கள். நாற்று காத்திருக்காது. கௌதம் மாடு பிடித்து மிச்சத்தை உழுதான். வண்டியைச் சுற்றி விட்ட இடத்தை மண்வெட்டியால் கொத்தி மட்டம் பண்ணினான். அவன் வாயிலிருந்து ஒரு குறைச்சொல் வரவில்லை. வந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

நந்தகுமார் பிக்கப் வண்டியோடு வந்த அன்று நடவு நடந்துகொண்டிருந்தது. வீட்டில் இருந்தது அரைமணியில் ஏறிவிட்டது. பாத்திரம், பீரோ, விஜயனின் ஸ்பேனர் பெட்டி.

"கெளம்பலாமா சுதா?"

"ஒரு வேலை இருக்கு அத்தான். எண்ணெய வடிக்கணும். கியர் பெட்டி வெடிச்சிருந்தா அது ஒழுகி நாத்தைக் கொன்னுரும்."

அவர் குடையோடு வரப்பில் நின்றார். நடவு பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள். சுதா முழங்காலளவு சேற்றில் இறங்கி வண்டியருகே போனாள். வண்டியின் அடிவயிறு தண்ணீருக்கு ஒரு சாண் மேலே நின்றது. பக்கவாட்டில் படுத்து, ஒரு காது தண்ணீரில் இருக்க, கையை நீட்டி பிளக்கைத் தேடினாள். ஸ்பேனரை மாட்டியதும் அது இடறாமல் திரும்பியது. கௌதம் ஒரு அகலச் சட்டியைச் சாய்த்துப் பிடித்தான். எண்ணெய் தடித்து இறங்கியது. புது எண்ணெய், இன்னும் தேன் நிறம் போகவில்லை. அதில் வெள்ளிப் பொடி மினுங்கிக்கொண்டே வந்தது. சட்டி நிறைந்து, கேனில் ஊற்றி, மறுபடி பிடித்தான். கடைசிச் சொட்டுவரை அவள் கையை எடுக்கவில்லை.

பிறகு பிளக்கை எடுத்து, துணியால் துடைத்து, மறுபடி துளையில் வைத்துத் திருப்பத் தொடங்கினாள்.

"இனி அது எதுக்கும்மா?" என்று நந்தகுமார் வரப்பிலிருந்து குரல் கொடுத்தார். கோபமில்லாத குரல்.

"தண்ணி உள்ள போயிரும் அத்தான்."

அவர் காத்திருந்தார். கையால் ஏறும்வரை ஏற்றினாள். ஸ்பேனரால் ஒரு சின்ன இழுப்பு. எழுந்து, கௌதமிடம் ஸ்பேனரைக் கொடுத்தாள். அவன் அதை வாங்கி, கேனைத் தூக்கிக்கொண்டு போனான். அவள் வரப்பேறினாள். பிக்கப்பின் முன்சீட்டில் டிரைவருக்கும் அத்தானுக்கும் நடுவே அவளுக்கு இடம் விட்டிருந்தார்கள். சீட்டுக்கு வெள்ளை உறை போட்டிருந்தது. எண்ணெய்க் கைகளை எதிலும் படாமல் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, அவள் அப்படியே பத்துபஸ்திவரை வந்தாள்.